மூன்று பேர் ஆடலாம்

உடற்பயிற்சிக் கூடத்துக் கதவில்
நீல நாடா ஒட்டிய தாளில் நான்கு பெயர்.
லோர்னா. ஷாய்லா. தாரிஸ்யா. பிரிஜிட்.
இருமுறை படித்தேன்,
இரண்டாம் முறை கீழிருந்து மேலாக.
வரிசை மாறினால் ஆள் மாறுவதில்லை,
அந்த வாரத்துப் பாடமே அதுதான்.

கர்லிங் ஆட எங்கள் பள்ளியில் ஏழு பேர்.
இருபது கிலோக் கருங்கல்லைப் பனிக்கட்டித் தரையில் வழுக்கவிட்டு
அதன் முன்னால் துடைப்பத்தோடு ஓடுகிற ஆட்டம்.
அணிக்கு நால்வர்.
ரெஜைனா போகும் வண்டியிலும் நால்வருக்குத்தான் இடம்,
ஐந்தாவது இருக்கையில்
மிஸ் பெல்ஷாவின் முதுகுவலித் தலையணை.

இரண்டாம் பாடவேளை, அல்ஜீப்ரா.
முதல் இடத்துக்கு ஏழு வழி, அடுத்ததற்கு ஆறு,
பிறகு ஐந்து, பிறகு நான்கு.
எண்ணூற்று நாற்பது.
அதே நால்வர் இருபத்து நான்கு வேஷத்தில்
திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள்,
வகுத்துவிடு.
முப்பத்தைந்து.
புத்தகத்தில் பழக்கூடையை வைத்துக் கேட்டிருந்தார்கள்.
கூடையில் மிஞ்சிய ஆப்பிள்
கதவுவரை போய்ப் படித்துப் பார்ப்பதில்லை.

ஓரத்தில் பென்சிலால் என் கணக்கைப் போட்டேன்.
நான் இருக்கும் அணிகள்:
மற்ற ஆறு பேரில் மூவர். இருபது.
நான் இல்லாத அணிகள்:
அந்த ஆறு பேரில் நால்வர். பதினைந்து.
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
உலகம் என் பக்கம்தான் சாய்ந்திருந்தது,
ஐந்து அணி அதிகமாக.
மிஸ் பெல்ஷா அப்படி எண்ணவில்லை.
போன சனிக்கிழமை என் கல்
வட்டத்தைத் தாண்டிப் பின்சுவரில் மோதியதை
எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏழில் நான்கை எடுப்பதும்
ஏழில் மூன்றை விடுவதும் ஒரே எண்.
புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது,
நடுவில் சமக்குறி போட்டு.
வியாழன் காலை ஆறு மணி, மைனஸ் முப்பத்தொன்று.
கையசைக்க வரச் சொல்லியிருந்தார்கள்.
வண்டி போனபின்
சமக்குறியின் இந்தப் பக்கத்தில்
ஒடெட், மரிவிக், நான்.

நாமும் ஒரு தேர்வுதான், என்றாள் ஒடெட்.
யாரும் கதவில் ஒட்டாத தேர்வு, என்றாள் மரிவிக்.
பிறகு மூக்கு விறைத்ததால்
பேச்சு நின்றுவிட்டது.

அன்றிரவு தானியக் கிடங்கு ஆட்களோடு மோத வேண்டிய அணி
நெடுஞ்சாலைப் பனியில் மாட்டிக்கொண்டது.
கிளப்பில் பொரித்த உருளைக்கிழங்கைப்
பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்த எங்களிடம் வந்து
நான்கு பேர் தேறுவீர்களா என்றார் வெண்டல்.

மூன்றில் நான்கைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி?
மாலையில்தான் வீட்டுப்பாடத்தில் எழுதினேன்: பூஜ்யம்.
காரணம் தருக என்றிருந்தது.
ஆள் இல்லை, என்று எழுதினேன்.

பனித்தளத்துக்கு வேறு சட்டம்.
மூன்று பேர் ஆடலாம்.
முதலாமவளுக்கு மூன்று கல், அடுத்தவளுக்கு மூன்று,
கடைசியாக வருகிறவளுக்கு இரண்டு.
எட்டுக் கல்லும் எப்படியோ தீர்ந்துவிடும்.
ஆனால் இப்போது வரிசை முக்கியம்.
ஆறு வழி இருந்தது.
ஒடெட்டுக்குத் தோள்வலி, இரண்டு கல் போதும்.
மரிவிக் முதலில் எறியாவிட்டால்
பயந்தே செத்துவிடுவாள்.
ஆறு ஒன்றாகிவிட்டது,
சூத்திரம் எதுவும் இல்லாமல்.

ஒருத்தி எறிந்தோம், ஒருத்தி துடைத்தோம்,
ஒருத்தி கோடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம்.
நான்காவது துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது.

பதினொன்றுக்கு மூன்று. தோல்விதான்.
அந்த மூன்றில் ஒன்று என் கல்.
நடுப்புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி
அது மூச்சுவாங்கி நின்றபோது
பின்சுவர் வெகுதூரத்தில் இருந்தது.
வெண்டல் தன் தொப்பியைத் தொட்டார்,
அல்லது தலையைச் சொறிந்தார்.

பத்தரைக்கு ரெஜைனாவிலிருந்து பிரிஜிட்டின் செய்தி:
முதல் ஆட்டம் போச்சு.
விடுதியில் இரண்டே கட்டில்.
தாரிஸ்யா தூக்கத்தில் உதைக்கிறாளாம்.
யார் யாரோடு படுப்பது, நீதான் கணக்குப் புலி, சொல்.

கையுறையைப் பல்லால் கழற்றிப் பதில் அடித்தேன்:
மூன்று வழி.
ஜன்னலோரக் கட்டில் யாருக்கென்று சண்டை வந்தால்
ஆறு.